வந்து போவோர்க்கு ஒரு வளாகம்



அண்மையில் உயர்நிலை மாணவர்கள் சிலரைப் பிராஸ் பாசா வட்டாரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தைக் கடந்தபோது ஒரு மாணவி, "ஐயா, இதன் நுழைவாயில் எங்கே?" என்று கேட்டாள். அக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

இப்பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சில ஆண்டுகள் புக்கிட் தீமாவில் இயங்கி, 2005-இல் பிராஸ் பாசாவிற்கு இடம் மாறியது. இங்குப் பயில்வோரில் பெரும்பாலோர் விடுதியில் தங்குவதில்லை. காலையில் ரயிலிலும் பேருந்திலும் வந்து மாலையில் வீடு திரும்புகின்றனர். இத்தகைய வளாகத்திற்குப் பெருந்திட்டம் வகுப்போர் முதலில் எண்ண வேண்டியது வகுப்பறைகளைப் பற்றி அன்று. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில் மாணவர் எங்கே அமர்வார் என்பதைப் பற்றியே. அமர இடமில்லையேல் அவர் வீட்டிற்குப் போய்விடுவார். கல்வி விரிவுரையோடு முடிந்துவிடும்.

அதற்கு விடையாகவே நகரின் நடுவே, ரயில் நிலையங்களுக்கு அருகில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுற்றுச்சுவர் எழுப்பப்படவில்லை. தரைத்தளத்தில் பொதுமக்களும் நடந்து செல்ல வழிகள் விடப்பட்டன. கட்டடங்களை இணைக்கும் நிலத்தடி நடைபாதையில் உணவுக் கடைகளும் அமரும் இடங்களும் அமைந்தன. 2010-இல் பிராஸ் பாசா ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. மாணவி வாயிலைக் காணாததன் காரணம் இதுவே.

ஆயினும் அந்நிலம் வெற்று நிலமாக இருந்ததில்லை. அருகே ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல்லால் கட்டப்பட்ட தேசிய நூலகம் இருந்தது. கொடைவள்ளல் லீ கோங் சியான் 1953-இல் அதற்கு 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் அனைவர்க்கும் இலவசமாக இருக்க வேண்டும், நம் மக்களின் தாய்மொழி நூல்களும் அங்கு இடம்பெற வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1960 நவம்பரில் நூலகம் திறக்கப்பட்டது.

வீவக வீட்டில் தம்பி தங்கையரோடு ஒரே மேசையைப் பகிர்ந்து வளர்ந்தவன் நான். தேர்வுக் காலத்தில் அந்நூலகமே எனக்கு வளாகமாக இருந்தது. வெவ்வேறு பள்ளிச் சீருடைகளில் பிள்ளைகள் அங்கு வந்து படித்து, இருட்டியதும் பேருந்தேறிச் சென்றோம்.

ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காகவும், அதனையொட்டிய நில மாற்றங்களுக்காகவும் நூலகம் இடிக்கப்படும் என்ற செய்தி வந்தபோது மக்கள் பலர் வருந்தி எழுதினர். 2000-ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞர் டே கெங் சூன், நூலகத்தைக் காக்கும் மாற்றுத் திட்டமொன்றைத் தாமே வரைந்து முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. 2004 மார்ச் 31-ஆம் நாள் நூலகம் மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது. மறு ஆண்டே விக்டோரியா ஸ்திரீட்டில் பெரிய நூலகம் எழுந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சுரங்கச் சாலைக்கு அருகே பழைய நூலகத்தின் செங்கல் வாயில் தூண்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. அம்மாணவியை அங்கே அழைத்துச் சென்று காட்டினேன். பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி லீ கோங் சியானின் பெயரையே தாங்கியிருக்கிறது என்றும் சொன்னேன். அவள் சற்று நேரம் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கே யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாமா, ஐயா?" என்று கேட்டாள். "அன்று படிக்கலாம், அம்மா" என்றேன்.

திட்டம் வகுப்போர் சுவரின்றி வளாகம் அமைத்தது பாராட்டத்தக்கது. நடந்து செல்ல வழி விட்டது போலவே, வீட்டில் மேசையில்லாத பிள்ளை அமர்ந்து படிக்கவும் ஓரிடம் வேண்டும். நம் பள்ளிகளில் மணியடித்த பிறகு அத்தகைய பிள்ளைக்கு ஓர் அறையேனும் திறந்திருக்கிறதா? ஆசிரியர்களும் பெற்றோர்களும் சிந்திப்போம்.