ஆலைகளின் செயல்திறனை அளக்கும் மென்பொருள்கள்: எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் தென்கிழக்கே, ஹடப்சர் பகுதியில் அமைந்துள்ளது மகர்பட்டா. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் தங்களுக்குச் சொந்தமான ஏறத்தாழ 400 ஏக்கர் விளைநிலத்தை விற்றுவிடாமல் ஒன்றாக இணைத்து, நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குதாரர்களாகி உருவாக்கிய நகரியம் இது. அதன் சைபர்சிட்டி வளாகத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. அருகிலுள்ள முண்ட்வாவில் எஃகைக் காய்ச்சி அழுத்தி வாகனப் பாகங்களாக வடிக்கும் பாரத் ஃபோர்ஜ் ஆலையும், ஹடப்சர் தொழிற்பேட்டையில் காற்றழுத்தக் கருவிகளைத் தயாரிக்கும் கிர்லோஸ்கர் நியூமேட்டிக் ஆலையும் உள்ளன.

கணினித் திரைகளும் கனரக இயந்திரங்களும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்திருக்கும் புனே போன்ற நகரங்களில், இவ்விரண்டையும் இணைக்கும் பணியைச் செய்பவை செயல்திறன் கண்காணிப்பு மென்பொருள்கள். ஓர் இயந்திரம் எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை பாகங்களைத் தயாரித்தது, அவற்றில் எத்தனை கழிக்கப்பட்டன என்பதை இவை நொடிக்கு நொடி பதிவு செய்கின்றன. புனேயின் போசரி, சாக்கன் பகுதிகளானாலும், தமிழகத்தின் அம்பத்தூர், ஓசூர், கோவை ஆனாலும், வாகன உதிரிபாகம் வழங்கும் சிறு நிறுவனங்களுக்கு இந்த எண்கள் வாழ்வாதாரத்துடன் தொடர்புடையவை. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பாகம் வழங்குவோரைத் தரம், உரிய நேர விநியோகம் ஆகியவற்றின் அடிப்படையில் மதிப்பிட்டு, அதைக் கொண்டே அடுத்த ஆர்டரை முடிவு செய்வது வழக்கம்.

முக்கிய அளவீடுகள்

ஆலைகளில் பரவலாகப் பயன்படுத்தப்படும் அளவீடு, ஓஇஇ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒட்டுமொத்த உபகரணச் செயல்திறன். முழுமையான உற்பத்திப் பராமரிப்பு என்ற முறையை வகுத்த ஜப்பானிய நிபுணர் செய்இச்சி நகாஜிமா இதனை அறிமுகப்படுத்தினார். இயந்திரம் ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது, ஓடிய நேரத்தில் உரிய வேகத்தில் ஓடியதா, தயாரானவற்றில் எத்தனை பாகங்கள் நல்லவை ஆகிய மூன்று விகிதங்களைப் பெருக்கினால் கிடைப்பதே ஓஇஇ. முதல் விகிதம் 90 சதவீதம், இரண்டாவது 95, மூன்றாவது 99 என இருந்தால் பெருக்குத்தொகை சுமார் 85 சதவீதமாகும். உலகத்தரம் என்று ஆலைகளில் சொல்லப்படும் 85 என்ற இலக்கு இக்கணக்கிலிருந்து வந்ததாகும்.

தரத்தை அளக்க, 10 லட்சம் பாகங்களுக்கு எத்தனை குறைபாடு என்பதைக் குறிக்கும் பிபிஎம் பயன்படுகிறது. 20,000 பாகங்களை அனுப்பி அவற்றில் 3 திருப்பி அனுப்பப்பட்டால் பிபிஎம் 150 ஆகும். கேட்ட எண்ணிக்கையில், கேட்ட நாளில் சரக்கு போய்ச் சேர்ந்ததா என்பது விநியோக அளவீடு. பராமரிப்புப் பிரிவுக்கு இரண்டு எண்கள் முக்கியம். 200 மணி நேரம் ஓடிய ஓர் இயந்திரம் 4 முறை பழுதடைந்து, அவற்றைச் சரிசெய்ய மொத்தம் 10 மணி நேரம் ஆனது என்று கொண்டால், பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் 50 மணி. பழுதுநீக்கச் சராசரி நேரம் இரண்டரை மணி. இவற்றுடன் கையிருப்புச் சுழற்சி, ஒரு பாகத்துக்கான மின்செலவு போன்றவையும் கணக்கிடப்படுகின்றன.

ஒரு ஷிப்டின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு மூலம் இதனைப் புரிந்துகொள்ளலாம். 8 மணி நேர ஷிப்டில் 480 நிமிடங்கள் உள்ளன. உணவு, தேநீர் இடைவேளைகளுக்கு 60 நிமிடங்கள் போக, உற்பத்திக்குத் திட்டமிட்ட நேரம் 420 நிமிடங்கள். இதில் டை மாற்றுவதற்கு 30 நிமிடங்களும், பழுது காரணமாக 12 நிமிடங்களும் இயந்திரம் நின்றது. எனவே ஓடிய நேரம் 378 நிமிடங்கள். முதல் விகிதம் 90 சதவீதம்.

நிமிடத்துக்கு ஒரு பாகம் என்பது இயந்திரத்தின் உரிய வேகம். ஆனால் 378 பாகங்களுக்குப் பதில் 340 பாகங்களே தயாராயின. இரண்டாவது விகிதம் ஏறத்தாழ 90 சதவீதம். அந்த 340 பாகங்களில் 17 கழிக்கப்பட்டு 323 நல்ல பாகங்கள் கிடைத்தன. மூன்றாவது விகிதம் 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் ஓஇஇ 76.9 சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் 90 அல்லது அதற்கு மேல் இருக்கும் மூன்று எண்கள், சேர்ந்தால் 77 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. நாளின் நேரத்தில் ஏறத்தாழ கால் பங்கு எங்கே போனது என்று கேட்க வைப்பதே இந்த அளவீட்டின் பயன்.

இயந்திரத்திலிருந்து திரை வரை

இத்தரவுகள் பல அடுக்குகளைக் கடந்து நிர்வாகியின் திரையை அடைகின்றன. அடித்தளத்தில் உணரிகளும், இயந்திரத்தை இயக்கும் பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உள்ளன. அதற்கு மேல் அவற்றைக் கண்காணிக்கும் ஸ்காடா அமைப்பு. அதற்கு அடுத்து, எந்த ஆர்டர் எந்த இயந்திரத்தில் எந்த நிலையில் உள்ளது என்பதை நிர்வகிக்கும் எம்இஎஸ் மென்பொருள். உச்சியில் கொள்முதல், கையிருப்பு, கணக்கு, விற்பனை ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் இஆர்பி. ஐஎஸ்ஏ-95 என்ற தரநிலை இந்த அடுக்குகளை வரையறுக்கிறது. பிஎல்சி இல்லாத பழைய இயந்திரங்களிலும், மின்கம்பியைச் சுற்றி ஒரு மின்னோட்ட உணரியைப் பொருத்தி, அது ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அறிய முடியும்.

இஆர்பியின் வேர்கள் 1960-களில் உள்ளன. உற்பத்திக்குத் தேவையான மூலப்பொருள்களைக் கணினியால் திட்டமிடும் எம்ஆர்பி முறையை அமெரிக்காவின் ஜோசப் ஆர்லிக்கி உருவாக்கினார். ஐபிஎம் நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் 1972-ல் ஜெர்மனியில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினர். இஆர்பி என்ற பெயரை 1990-ல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் சூட்டியது. உற்பத்தி அளவீடுகளுக்கான பொது வரையறைகளை 2014-ல் வெளியான ஐஎஸ்ஓ 22400 தரநிலை வகுத்தது.

எனினும், அளவீட்டு ஒழுங்குக்கு மென்பொருள் முன்நிபந்தனை அல்ல. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. இணையத்துடன் இணைந்த உணரிகளும் கிளவுட் சேவைகளும் ஆலைகளில் பரவுவதற்கு முந்தைய காலம் அது.

அதே 323 பாகங்கள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுக்குத் திரும்பலாம். அந்த ஆலையின் மேலாளர், டை மாற்றும் 30 நிமிடங்களைத் 'திட்டமிட்ட நிறுத்தம்' என்று மென்பொருளில் வகைமாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திட்டமிட்ட உற்பத்தி நேரம் 420-லிருந்து 390 நிமிடங்களாகக் குறைகிறது. ஓஇஇ 76.9-லிருந்து 82.8 சதவீதமாக உயர்கிறது. அடுத்து, ஒரு பாகத்துக்கான உரிய நேரத்தை 60 நொடியிலிருந்து 66 நொடியாக மாற்றிப் பதிகிறார். ஓஇஇ 91 சதவீதத்தைத் தாண்டுகிறது. திரையில் சிவப்பு நிறம் பச்சையாகிறது. ஆனால் லாரியில் ஏறிய நல்ல பாகங்கள் அதே 323 மட்டுமே.

இதில் தரவு எதுவும் பொய்யாகப் பதியப்படவில்லை. வரையறைகள் மட்டுமே மாறின. இதன் விளைவு வெறும் காகித அளவில் நின்றுவிடுவதில்லை. டை மாற்றத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கும் முறையை ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ வகுத்துள்ளார். டை மாற்றும் நேரம் இழப்பாகப் பதிவாகும் ஆலையில், அதைக் குறைக்க யாரேனும் முயல்வர். அது திட்டமிட்ட நிறுத்தமாக மறைந்துவிட்டால், அந்த 30 நிமிடங்களைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. அளவீடு மேம்பட்டதால் முன்னேற்றம் தடைபடும் நிலை இவ்வாறு உருவாகிறது.

எனவே, மென்பொருளை நிறுவும் முன் ஒவ்வொரு அளவீட்டின் வரையறையையும் எழுத்து வடிவில் முடிவு செய்வதும், அதை மாற்றினால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது பதிவாகும்படி செய்வதும் அவசியம். வரையறைகள் வேறுபடும் இரண்டு ஆலைகளின் ஓஇஇ எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

'இதர காரணங்கள்'

இயந்திரம் நின்றதை உணரி தானாகவே அறிந்துகொள்ளும். ஏன் நின்றது என்பதை அது பெரும்பாலும் அறியாது. மூலப்பொருள் வரவில்லையா, கருவி தேய்ந்ததா, மின்தடையா, தரப் பரிசோதகருக்காகக் காத்திருப்பா என்பதை ஆபரேட்டர்தான் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்திரையில் 40, 50 காரணங்கள் நீண்ட பட்டியலாக இருந்தால், அவசரத்தில் இருப்பவர் 'இதர காரணங்கள்' என்ற பொத்தானையே அழுத்துவார். மாத இறுதியில் பெரிய இழப்பு 'இதர' என்று அறிக்கை வந்தால், அதைக் கொண்டு எதையும் சரிசெய்ய இயலாது.

காரணங்களைப் பத்துக்குள் வைத்துக்கொள்வதும், அவற்றை ஆபரேட்டர் பேசும் மொழியிலேயே காட்டுவதும் இதற்குத் தீர்வாகும். புனே ஆலைகளில் மராத்தி, இந்தி பேசுவோரும், தமிழக ஆலைகளில் தமிழருடன் வட மாநிலத் தொழிலாளர்களும் பணிபுரியும் சூழலில், ஆங்கிலத்தில் மட்டும் உள்ள திரை தவறான தரவுகளுக்கே வழிவகுக்கும்.

மற்றொரு காரணமும் உண்டு. பதிவு செய்யும் ஒவ்வொரு நிறுத்தமும் தம்மீதான குற்றச்சாட்டாக மாறும் என்று தொழிலாளர் அஞ்சினால், உண்மையான காரணம் திரைக்கு வராது. ஓஇஇ என்பது இயந்திரத்தையும் அதைச் சூழ்ந்த ஏற்பாடுகளையும் அளக்கும் எண். மூலப்பொருள் தாமதமானதற்கோ டை தேய்ந்ததற்கோ ஆபரேட்டர் பொறுப்பல்ல. அந்த எண்ணைத் தனிநபரின் ஊக்கத்தொகையுடனோ தண்டனையுடனோ இணைக்கும்போது, முதலில் பாதிக்கப்படுவது தரவின் நேர்மையே.

ஓர் எண் போதாது

எல்லா இயந்திரங்களும் உயர்ந்த ஓஇஇ காட்டினாலும் ஆலை நஷ்டத்தில் இயங்கலாம். தொடர் உற்பத்தியில் மிக மெதுவான கட்டமே மொத்த உற்பத்தியைத் தீர்மானிக்கிறது என்பதை இஸ்ரேலைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியான 'தி கோல்' நூலில் விளக்கினார். மற்ற இயந்திரங்களை முழு வேகத்தில் ஓட்டினால், அந்த மெதுவான கட்டத்தின் முன்பு பாதி முடிந்த பாகங்கள் குவியும். அவற்றில் நிறுவனத்தின் பணம் முடங்கும்.

தரத்திலும் இதே நிலைதான். ஐந்து கட்டங்களைக் கடக்கும் ஒரு பாகம், ஒவ்வொரு கட்டத்திலும் 98 சதவீதம் முதல் முயற்சியிலேயே தேறினால், ஐந்தையும் பழுதின்றிக் கடப்பவை சுமார் 90 சதவீதம் மட்டுமே. எஞ்சியவை மறுவேலை செய்யப்பட்டு நல்லவையாகக் கணக்கில் சேர்ந்தால், அதற்கான கூலியும் நேரமும் எந்த அறிக்கையிலும் தென்படாது.

சிறு நிறுவனங்கள் தொடங்கும் விதம்

சிறு, குறு நிறுவனங்கள் பலவற்றில் உற்பத்திக் கணக்கு இன்றும் பதிவேட்டிலோ எக்செல் தாளிலோதான் எழுதப்படுகிறது. அதிலிருந்து மாற விரும்புவோர் பெருஞ்செலவில் தொடங்க வேண்டியதில்லை. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் கிடைக்கின்றன. மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் 'சமர்த் உத்யோக் பாரத் 4.0' திட்டத்தின்கீழ் புனேயில் சி4ஐ4 மையம் இயங்குகிறது. பெங்களூரு, டெல்லி ஆகிய நகரங்களிலும் மையங்கள் உள்ளன. மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இசட்இடி சான்றிதழ் திட்டம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது.

நடைமுறையில், ஆலையின் உற்பத்தியை மட்டுப்படுத்தும் ஒரே ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் கையால் எழுதிய பதிவையும் மென்பொருளின் பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கமாகும். இரண்டும் பொருந்திய பிறகே அடுத்த இயந்திரத்துக்குச் செல்லலாம். இயந்திரங்களை இணையத்துடன் இணைக்கும்போது, அலுவலகக் கணினி வலையமைப்பிலிருந்து அவற்றைப் பிரித்து வைப்பதும், கடவுச்சொற்களை மாற்றுவதும் சைபர் தாக்குதலைத் தவிர்க்க உதவும்.

திரையில் காணும் எண்ணைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றும் உண்டு. அன்றைய நல்ல பாகங்களின் எண்ணிக்கையை, ஒரு பாகத்துக்கு இயந்திரத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட உரிய நேரத்தால் பெருக்கி, இடைவேளை நீங்கலான ஷிப்ட் நேரத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டில் 323-ஐ 420-ஆல் வகுத்தால் 76.9 சதவீதம் வரும். மென்பொருள் காட்டும் எண் இதிலிருந்து வெகுவாக விலகினால், முதலில் ஆராய வேண்டியது அதில் பதியப்பட்டுள்ள வரையறைகளையே.