முரசொலி வீடு புகுந்த வரலாறு

மேனாட்டு இசைக்குழுக்களில் ட்ரம் என வழங்குவது தனியொரு வாத்தியமன்று. காலால் அறையும் பெருமுரசு, அடித்தோலிற் கம்பிச்சுருள் பூட்டிய ஸ்னெயர், இடைத்தர முரசுகள், உலோகத் தாளத்தட்டுகள் ஆகிய அனைத்தையும் ஒருவரே முழக்குகின்றார். இத்தொகுதியின் ஒலியைப் பதிதல் தொடக்கமுதல் ஒலிப்பதிவுக் கலைக்கு ஒரு சோதனையாகவே இருந்து வந்துள்ளது.

மின்சாரம் புகுமுன், இசைத்தட்டுகள் பெரிய கூம்பொன்றின் வாயிலாகவே பதியப்பட்டன. கூம்பிற் புகுந்த ஒலி மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். அவ்வதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும். முரசின் அதிர்ச்சி ஊசியைத் தடம் பெயர்த்துவிடும் எனப் பதிவாளர் அஞ்சினர். 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் றிச்மண்ட் நகரில் கிங் ஒலிவரின் ஜாஸ் குழு பதிவு செய்தபோது, பேபி டொட்ஸ் என்னும் பெருங்கலைஞர் முரசுகளை ஒதுக்கி, பெரும்பாலும் மரக்கட்டைகளையே தட்ட நேர்ந்தது. ஆதலின், அவ்விசைத்தட்டுகளை மட்டும் கொண்டு அவர் திறனை அளத்தல் நீதியாகாது.

1925இல் மின்முறைப் பதிவு வந்தபின் இத்தடை தளர்ந்தது. 1935இல் பெர்லினில் நாடாப்பதிவுப் பொறி காட்சிக்கு வந்தது. பின்னர்ப் பல்தடப் பதிவும் தோன்றிற்று. 1966இல் பீற்றில்ஸ் குழுவினருக்காக ஜெஃப் எமரிக் ஒலிவாங்கியைப் பெருமுரசுக்கு மிக அண்மையில் வைத்து, அம்முரசினுள் கம்பளிச் சட்டையொன்றைத் திணித்தார். மற்றொரு வழியும் இருந்தது. 1971இல் வெளிவந்த லெட் செப்பெலினின் நான்காம் இசைத்தட்டில், ஒரு பாடலுக்காக ஜோன் பொனமின் முரசொலி, ஹெட்லி கிறேஞ் என்னும் பழைய இல்லத்தின் மாடிப்படிக் கூடத்தில், மேலே தொங்கிய இரண்டே ஒலிவாங்கிகளாற் பதியப்பட்டது.

1979இல் நான்கு தடக் கசெற் பொறியும், 1992இல் எட்டுத் தட எண்முறைப் பொறியும் விற்பனைக்கு வந்து, பதிவுக்கூடத்தின் ஆற்றலை வீட்டுக்குள் கொணர்ந்தன. இன்று அப்பணியைக் கணினியும், ஒலிவாங்கியின் மின்னலையை எண்களாக மாற்றும் ஓடியோ இன்டர்பேஸ் என்னும் இடைக்கருவியும் செய்கின்றன.

இவற்றைத் தெரிவு செய்வோர் பெரும்பாலும் முதலிற் கேட்பது எந்த மென்பொருள் சிறந்தது என்பதே. முரசைப் பொறுத்தவரை முதற் கேள்வி வேறு: ஒரே வேளையில் எத்தனை ஒலிவாங்கிகள் பதிய வேண்டும்? எட்டு வேண்டுமாயின், எட்டு உள்வாயில்களைக் கொண்ட ஒரே இடைக்கருவி வேண்டும். தனித்தனிக் கடிகாரத்தில் இயங்கும் இரு கருவிகளின் தடங்கள், பொதுக் கடிகாரத்துடன் இணைக்கப்படாவிடின், நேரம் செல்லச் செல்ல ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும். இரண்டு போதுமாயின் சிறு கருவியே போதும். பொனமின் முரசுக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. ரீப்பர், கியூபேஸ், புரோ ரூல்ஸ் ஆகிய மென்பொருள்களின் தெரிவு அதன் பின்னரே வரும். அவற்றுள் எதுவாயினும், வேண்டிய தடங்களை ஒருங்கே பதிய வல்லதா என்பதையே நோக்குதல் வேண்டும்.

டொட்ஸைக் கட்டைகளோடு நிறுத்தியது அவர் கைவன்மைக் குறைவன்று. ஒலியை ஏற்கும் வாயிலின் குறுக்கமே. வீட்டிலே முரசைப் பதிவோர் அவ்வாயிலையே முதலில் அளந்துகொள்ளல் நலம்.