வேலைகொள்வோரும் விசுவாசமும்: நந்தன் கதை முதல் உறுதிமொழி நாள் வரை

வேலை கொடுப்பவர் தம்மிடம் வேலை செய்பவரின் உழைப்பையும், குறித்த நேரத்தையும், ஒழுங்கையும் கேட்கலாம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அவ்வூழியர் எதனை மெய்யென்று நம்பவேண்டும், அந்த நம்பிக்கையை எந்த வாசகத்தால் வாய்திறந்து கூறவேண்டும் என்று கேட்கும் அதிகாரமும் அவர்க்கு உண்டா என்னும் வினா, நீதிமன்றங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டில் எழுந்த வினாவாகும். சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையின் இருமருங்கும், கொள்ளிடத்தின் வடகரையில் பரந்து கிடக்கும் நெல்வயல்களைக் கண்டவர்க்கு, அவ்வினாவின் மிகப் பழைய வடிவம் நந்தனார் கதையிலே இருப்பது எளிதில் விளங்கும்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் காட்டும் நந்தனார், கொள்ளிடத்தை அடுத்த மேற்காநாட்டு ஆதனூரில், ஊரார் விட்ட மானிய நிலத்தின் விளைவை உண்டு, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்துத் தொண்டு செய்தவர். அக்காப்பியத்தில் அவர்க்கு எசமானர் என்று ஒருவர் இல்லை. 1861-இல் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு வேதியரைப் பண்ணைக்கு உடையவராகப் படைத்து, நந்தனை அவருடைய பண்ணையாளாக்கி, சிதம்பர தரிசனத்துக்கு விடை கேட்டு நிற்கவைத்து, நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்த பின்னரே போகலாம் என்னும் நிபந்தனையையும் அவ்வேதியர் வாயிலே வைத்தார். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று புலவர்கள் குறைகூறினர்; எனினும் தஞ்சை, தென்னார்க்காட்டுப் பண்ணைகளில் தாம் கண்ட உண்மையையே பாரதியார் பாட்டாக்கினார் என்பது என் கருத்து. அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கிய 1843-ஆம் ஆண்டின் சட்டம் வந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகியும், பண்ணையாளின் உழைப்போடு அவன் எந்தத் தெய்வத்தை எங்கே வணங்கலாம் என்பதும் பண்ணைக்குச் சொந்தம் என்ற எண்ணம் மறையவில்லை.

பண்ணைக்கு வெளியே இதே அதிகாரத்தைச் செலுத்திய மற்றொரு பெரிய எசமானர் கிழக்கிந்தியக் கும்பினியார். 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டுக் குடியேறிய ஆங்கிலேயர், 1673-ஆம் ஆண்டின் சோதனைச் சட்டம் நடைமுறையிலிருந்த தேசத்திலிருந்து வந்தவர்கள். அச்சட்டப்படி, அரசாங்கப் பதவி ஏற்போர் இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெற்று, கத்தோலிக்கக் கோட்பாடு ஒன்றை மறுத்துப் பிரமாணமும் செய்யவேண்டும். 1828 வரை அது நீக்கப்படவில்லை. தாய்நாட்டில் இவ்வாறு விசுவாசத்தைப் பதவிக்கு வாயிலாக வைத்திருந்தவர்கள், இங்கே துபாஷிகளையும் கணக்கர்களையும் சிப்பாய்களையும் வேலைக்கு அமர்த்தியபோது அவரவர் சமயத்தைக் கேளாமல் விட்டது, வியாபாரத்தின் தேவையால் பிறந்த பொறுமையேயன்றிக் கொள்கையால் பிறந்ததன்று.

அப்பொறுமை வேலூரில் உடைந்தது. 1805 நவம்பரில் சென்னைச் சேனாதிபதி சர் ஜான் கிராடக்கின் ஆணைப்படி, சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழிக்கவேண்டும், புதுவகைத் தலைப்பாகை தரிக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10-ஆம் நாள் எழுந்த வேலூர்ப் புரட்சிக்குத் திப்பு சுல்தானின் குடும்பத்தாரது பங்கு உட்படப் பல காரணங்களை ஆராய்ச்சியாளர் காட்டுவர். ஆயினும் கிராடக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டதற்கு அடிப்படை, ஓர் எசமானர் சீருடையின் பெயரால் ஊழியரின் நெற்றியில் கைவைத்தார் என்பதே. புறத்தோற்றத்தைப் பற்றியதே அவ்வாணை என்று அதிகாரிகள் நினைத்தனர்; அந்நீற்றையும் நாமத்தையும் அழிக்கச் சொல்வது தம் நம்பிக்கையை மறுதலிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும் என்று சிப்பாய்கள் உணர்ந்தனர்.

முப்பதாண்டுகள் கழித்து அதே சென்னை ராஜதானியில் இவ்வினா தலைகீழாக எழுந்தது என்பதைப் பலர் அறியார். 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷனால் கோயில்களின் மேற்பார்வையை ஏற்றுக்கொண்ட கும்பினி, அதனால் திருவிழாக்களுக்கும் பொறுப்பாளியாயிற்று. தேருக்கு ஆள் திரட்டுவது கலெக்டரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. உற்சவங்களுக்குப் படைகள் அணிவகுத்து மரியாதை செலுத்தின. இவற்றில் கலந்துகொள்வது தம் மனச்சாட்சிக்கு விரோதம் என்று கிறிஸ்தவ உத்தியோகஸ்தர்கள் முறையிட்டனர். 1833-இல் இயக்குநர் சபையே இத்தொடர்பைக் கைவிடும்படி எழுதியும் சென்னையில் பயன் விளையாததால், 1836-இல் பிஷப் டானியல் காரி மூலமாக ஏறத்தாழ இருநூறு பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று சர்க்காருக்குச் சென்றது, பிஷப் கண்டிக்கப்பட்டார். இரண்டாண்டுகளில் சேனாதிபதி சர் பெரிகிரின் மைட்லண்ட் இதன்பொருட்டே தம் பதவியை ராஜினாமா செய்தார். வேலூரில் சிப்பாய் கேட்டதையும் சென்னையில் சேனாதிபதி கேட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னவனுக்குக் கசையடியும், பின்னவருக்குக் கௌரவத்துடன் விலகும் வழியும் கிடைத்தன என்ற வேறுபாட்டை, இவ்வரலாற்றை எழுதுபவன் மறைக்கலாகாது. மனச்சாட்சியின் விலையைத் தன் வயிற்றால் கொடுப்பவன் எப்பொழுதும் தாழ்ந்த நிலையில் உள்ள ஊழியனே. 1858 நவம்பர் முதல் நாள் வெளிவந்த விக்டோரியா பேரறிக்கை, சமயம் காரணமாக எவர்க்கும் சலுகையோ துன்பமோ இல்லை, உத்தியோகம் தகுதி பற்றியே என்று அறிவித்தது. 1863-ஆம் ஆண்டின் சமய அறக்கொடைச் சட்டம் சர்க்காரைக் கோயில் நிர்வாகத்திலிருந்து விலக்கியது.

அவ்விலகல் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சர்க்கார் மீண்டும் ஆலயத்துக்குள் வந்தபோது, விசுவாசமே உத்தியோகத் தகுதியாகச் சட்டத்தில் ஏறியது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, ஆணையர் முதல் அச்சட்டத்தின் நோக்கங்களுக்காக நியமிக்கப்படும் ஒவ்வொரு பணியாளர் வரையில், இந்து சமயத்தைக் கைக்கொண்டவராக இருக்கவேண்டும் என்றும், அதனைக் கைவிடும்போது பதவியும் போகும் என்றும் விதிக்கிறது; அதன் கீழ் அமைந்த விதிகள் தெய்வ சந்நிதியில் உறுதிமொழியும் கேட்கின்றன. (சிதம்பரத்தில் நிர்வாகமும் பூசையும் பொது தீட்சிதர்களிடமே ஒன்றுபட்டிருப்பதாலும், 2014 ஜனவரி 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சர்க்கார் செய்த செயல் அலுவலர் நியமனத்தைத் தள்ளிவிட்டதாலும், அங்கே இவ்வினா இவ்வடிவில் எழுவதில்லை.) அர்ச்சகரைப் பொறுத்தவரையில் இந்தச் சமய நிபந்தனையை எவரும் மறுக்கமுடியாது, 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அர்ச்சகரை நியமிப்பது உலகியற் செயலே என்று கொண்டு பரம்பரை உரிமையை நீக்கியதை ஏற்றபோதும், பூசை ஆகம நெறிக்கு உட்பட்டது என்பதை விடவில்லை. தீபம் காட்டுபவர் அத்தெய்வத்தை நம்பாமல் காட்டினால் அவர் செய்யும் வேலையே பொய்யாகிவிடும்.

ஆனால் கணக்கெழுதுபவர்க்கும், வாயில் காப்பவர்க்கும், பெருக்குபவர்க்கும் இக்காரணம் எவ்வாறு பொருந்தும்? 2021-இல் சென்னைக் கபாலீசுவரர் கோயில் சார்பில் தொடங்கிய கலை அறிவியல் கல்லூரியின் பணியிடங்களுக்கு இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வந்தபோது, அலுவலக உதவியாளர் வேலையை நாடிய முஸ்லிம் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கல்லூரி கோயிலின் நிறுவனம் என்பதால் அந்நிபந்தனை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சட்டத்தின் எழுத்துக்கு இசைந்ததே. ஆயினும் வணிகவியல் வகுப்பறையின் பலகையைத் துடைக்கும் கைக்குச் சமயம் கேட்கும் ஒரு பிரிவு, 1959-இல் எழுதப்பட்டபடியே என்றும் நீடிக்கவேண்டுமா என்பதைச் சட்டமன்றம் ஆராய்வதே முறையாகும்.

அரசியல் நம்பிக்கையின் கதை இன்னும் கடுமையானது. 1949-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் தேசப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டு வங்காள நாகபுரி ரயில்வேயில் கம்யூனிஸ்டுத் தொடர்பு காரணமாக விலக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றபோது, 1957-இல் அவர்களுக்குக் கிடைத்த விடை, கம்யூனிஸ்டாக இருக்கத் தடையில்லை, சர்க்கார் வேலையில் தொடர உரிமையில்லை என்பதே. பட்டினியைக் காட்டிய பின் வழங்கப்படும் இத்தகைய சுதந்திரம் எனக்குச் சுதந்திரமாகத் தோன்றவில்லை. 1983-இல் மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவர், முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கம் ஆகியவற்றின் நடவடிக்கைகளில் கலந்துகொண்டதற்காக நீக்கப்பட்ட வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி, அமெரிக்காவில் விசுவாசப் பிரமாணம் கேட்டு ஊழியரை வேட்டையாடிய காலத்தை நினைவூட்டி, அத்தகைய விசாரணை நம் அரசியல் சட்டத்துக்கு அந்நியமானது என்று நீக்கத்தைத் தள்ளினார். எதிர்த்தரப்பாருக்குக் கிடைத்த அப்பாதுகாப்பை ஒவ்வொரு கட்சியாரும் தமதாக மதிக்கவேண்டும்.

இன்று குமராட்சி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்து எழுத்தரும் நெய்வேலிச் சுரங்க நிறுவனத்து ஊழியரும் ஆண்டுதோறும் சந்திப்பது உறுதிமொழி நாட்களையே. ஜனவரி 30-இல் தீண்டாமை ஒழிப்பு, அக்டோபர் இறுதியை ஒட்டி ஊழலெதிர்ப்பு என்பவற்றோடு, தமிழக அரசு 2021-இல் பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17-ஐச் சமூக நீதி நாளாகவும், 2022-இல் அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-ஐச் சமத்துவ நாளாகவும் அறிவித்து உறுதிமொழி வகுத்தது. தீண்டாமையைக் கடைப்பிடியேன் என்று ஊழியரைச் சொல்லச் சொல்வதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவு அதனைக் குற்றமாக்கிவிட்டது, ஊழியர் தம் நடத்தைக்கே வாக்களிக்கிறார். கையூட்டு வாங்கேன் என்பதும் அத்தகையதே. சுயமரியாதையையும் பகுத்தறிவையும் வாழ்க்கை நோக்காக ஏற்கச் சொல்லும் வாசகமோ, என் மனத்துக்கு எவ்வளவு உகந்ததாயினும், நடத்தையைக் கடந்து அகத்தைத் தொடுகிறது. நாளை வேறோர் ஆட்சி வேறொரு தத்துவத்தை அதே இடத்தில் வைத்தால், இன்று மகிழ்வோர் எதனைச் சொல்லி மறுப்பர்?

இதற்கு வழியும் நம் சட்டத்திலேயே இருக்கிறது. கடவுளின் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம் என்பதை அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும், 1969-ஆம் ஆண்டின் ஆணையுறுதிச் சட்டமும் ஏற்கின்றன. நாசிக்கில் பள்ளி வழிபாட்டின்போது கைகூப்பாமல் நின்றமைக்காக ஊதிய உயர்வு மறுக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர்க்கு, 2013-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், அவரைக் கைகூப்பும்படி கட்டாயப்படுத்துவது மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு மாறானது என்று கூறி நிவாரணம் அளித்தது. அத்தீர்ப்பின் பொருள், மரியாதையுடன் மௌனமாக நிற்பவரின் பதவிக்கோ ஊதியத்துக்கோ குறை வரலாகாது என்பதாகும். உறுதிமொழி நாட்களுக்கான சுற்றறிக்கைகளில் இவ்விதியை ஒரு வரியாகச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தனியார் முதலாளிகளைப் பொறுத்தவரையிலோ நிலைமை வேறு. ஊழியரின் சமயத்தையோ கொள்கையையோ காரணமாக்கி வேலை மறுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் இதுவரை இயற்றப்படவில்லை.