ஒரு பவுண்டு தானியம்

என் பாட்டிக்குச் சேலம் பக்கம். நாங்கள் அள்ளி அள்ளித் தின்றால், "தாது வருசப் பஞ்சத்துல அடிபட்டவனாட்டம் திங்காதடா" என்பாள். அவளைப் பெற்றவள் அந்தப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த குழந்தை.

1876-இல், தாது வருஷத்தில், மழை பொய்த்தது. சேலம், வட ஆற்காடு, கோவை, பெல்லாரி எல்லாம் காய்ந்தன. வானத்தின் குற்றம் அவ்வளவுதான். வயல் காய்ந்ததும் கூலிக்காரனுக்கு வேலை போயிற்று. நெசவாளியிடம் துணி வாங்க ஆளில்லை. கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் தானிய விலை மடங்கு மடங்காக ஏறியது. பஞ்சத்தைத் தடுக்கும் என்று நம்பிய ரயில், நல்ல விலை கிடைத்த இடத்துக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதும் நிற்கவில்லை. வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை.

அவர் சென்னைக்கு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிளை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை வரவழைத்துப் பஞ்சச் சாவை ஏறக்குறைய இல்லாமல் செய்தவர் அவரேதான். வீண்செலவு என்று மேலிடம் கடிந்துகொண்டது. 1877-இல் இங்கே வந்தவர், பஞ்ச நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். பெண்களுக்கு அதிலும் குறைவு. இது உயிர் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி கொஞ்சம் உயர்ந்தது.

சமையலறைத் தராசில் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். சின்னப் பாத்திரத்தில் அடங்கிவிட்டது. குழம்பு, பருப்பு, மோர் எதையும் கணக்கில் சேர்க்காமல், அதை மட்டும் தின்று நாள் முழுக்க மண் சுமப்பதை நினைத்துப் பாருங்கள்.

பிழைக்க வழி தேடிப் பல்லாயிரம் பேர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். 1880-இல் பஞ்ச ஆணையமே சொன்னது: நாட்டில் மொத்தமாக உணவு இல்லாமல் போகவில்லை, வேலையும் கூலியும் போனதுதான் மக்களைச் சாய்த்தது.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று அதன்மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. மயிலாப்பூரில் ரயில் ஏறும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அடுத்த முறை ஒரு நிமிஷம் கீழே பாருங்கள். அது பசித்த வயிறுகள் வெட்டிய கால்வாய்.