மற்றவர் கண்ணில் படும் கேள்வி

திருவான்மியூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே டைடல் பார்க். அதன் அருகே எல்நெட் கட்டடத்தில்தான் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் இயங்கியது. 2001 பிப்ரவரியில் தொடங்கிய அதன் தலைவராக இருந்தவர் வா.செ. குழந்தைசாமி, அதற்கு முன் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். வெளிநாட்டில் தமிழ் படிக்க நினைப்பவருக்கு இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நள்ளிரவாக இருக்கலாம். அவரவர் நேரத்தில் படிப்பது அங்கே சலுகை இல்லை, வேறு வழியில்லை.

ஆசிரியர்களான நாங்கள் அதைத் தபாலிலேயே பழகியிருந்தோம். அஞ்சல்வழிக் கல்வியை டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கியது. மதுரை 1971இல், அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல். பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த நான், வருமானத்துக்காகவும் கொஞ்சம் ஆர்வத்துக்காகவும், அஞ்சல்வழி மாணவர்கள் விடை எழுதி அனுப்பும் ரெஸ்பான்ஸ் ஷீட் திருத்தினேன். பஸ் கண்டக்டர், பள்ளி ஆசிரியை, கல்யாணத்தால் படிப்பை விட்டவர் என்று எல்லாரும் எழுதுவார்கள். ஓரத்தில் சிலர் பென்சிலால் ஒரு சந்தேகம் குறித்திருப்பார்கள். சிவப்பு மையில் பதில் எழுதி அனுப்புவேன். திண்டுக்கல்லில் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி, அதே கேள்வியோடு முழிக்கும் திருத்தணிக்காரருக்குத் தெரியவே தெரியாது. தாமதம் எனக்குக் குறையாகப் பட்டதில்லை. கேள்வி என் மேசையோடு முடிந்துபோனதுதான் குறை.

இணையம் வந்ததும் முதலில் ஏறியது பாடம்தான். சென்னை ஐஐடி முன்னின்று நடத்திய என்பிடெல் 2003இல் தொடங்கி வீடியோ வகுப்புகளைக் குவித்தது. சான்றிதழ் படிப்புகள் 2014இல் வந்தன. 2017இல் வந்த ஸ்வயம் தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் வீடியோ, வாசிப்பு, விவாதம், மதிப்பீடு என்று நான்கு பகுதிகள் விதிக்கப்பட்டன. விவாதத்துக்கு விதியிலேயே இடம் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் விதி போட்டால் பேச்சு வந்துவிடுமா? நான் சேர்ந்த ஒரு படிப்பில் அந்தப் பக்கம் முழுக்க 'கடைசித் தேதி எப்போது' என்ற விசாரிப்புதான்.

2020 ஊரடங்கில் என் மாணவர்கள் செய்யாறு, திண்டிவனம், நாகப்பட்டினம் என்று சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு ஒரு போன். அண்ணன் படித்து முடித்தால்தான் தங்கைக்கு. ஆகவே நேரலை வகுப்புகளைக் குறைத்தேன். அதற்குப் பதிலாக, திங்கள்கிழமை விவாதப் பக்கத்தில் ஒரு கேள்வி போடுவேன். புதனுக்குள் தன் பதில், சனிக்குள் வேறு இருவருக்கு மறுமொழி. 'சூப்பர்', 'நானும் அதான் நினைச்சேன்' செல்லாது. மறுமொழியில் புதிதாக ஒரு விவரமோ ஒரு மறுப்போ இருக்க வேண்டும். வெள்ளி வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். இதுதான் கஷ்டம். ஆசிரியர் ஒரு வரி எழுதினால் போதும், அதுவே விடை என்று பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். புத்தகத்தில் பதில் இருக்கும் கேள்வியைப் போட்டாலும் அதே கதி: ஒரே பத்தி வேறு வேறு பெயர்களில் வரும். அதனால் 'தேவை என்றால் என்ன' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'உங்கள் தெருவில் இன்று தக்காளி என்ன விலை, ஏன்?' என்று கேட்டேன்.

அந்த ஆண்டு மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றியிருந்தார்கள். அப்பா அங்கே வியாபாரி என்ற ஒரு மாணவன், வண்டி வாடகை, அழுகி வீணானது எல்லாவற்றையும் கணக்காக எழுதினான். செய்யாறுப் பெண் ஒருத்தி தன் ஊர்ச் சந்தை விலையைப் பக்கத்தில் வைத்து, "அப்போ இடையில யாருக்குப் போகுது?" என்று கேட்டாள். இரண்டு நாள் சண்டை நடந்தது. சனிக்கிழமை நான் எல்லாவற்றையும் தொகுத்து, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளியை விளக்கி முடித்து வைத்தேன்.

இரவு பதினொன்றுக்கு அந்தப் பையனிடமிருந்து ஒரு வரி: "மேம், மொத்த விலைன்னா எந்த நேரத்து விலை? விடியக்காலம் மூணு மணிக்கு ஒண்ணு, ஒம்பது மணிக்கு வேற." திங்கட்கிழமைக் கேள்வியாக அதையே போட்டேன்.