பெயர் முதலா, பொருள் முதலா? சென்னைக் குழந்தைகள் சொல் கற்ற வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் குழந்தையின் சொற்களஞ்சியம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய ஊர்ப் பகுதிகளில் ஒரு வீட்டுத் திண்ணையே வகுப்பறை. ஐந்து வயதுப் பிள்ளை மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லும். அரிச்சுவடி முடிந்தால் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டாகச் சொல்வார்கள். எல்லாம் நெட்டுரு. பொருள் விளக்கம் பிறகுதான் வரும்.

சொற்களுக்கென்றே தனிப் பாடமாக இருந்தது நிகண்டு. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பெயர்கள் இனவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. எதுகை வரிசையில் அமைந்ததால் ஒரு சொல் அடுத்த சொல்லை நினைவுக்கு இழுத்துவரும். அகராதியைப் புரட்டித் தேடும் வழக்கம் பரவாத காலத்தில், பிள்ளையின் நினைவே அகராதியாக இருந்தது.

நெட்டுருவுக்கு நடுவே சிறுவர்களுக்குப் பிடித்த ஒரு வழக்கமும் இருந்தது. மாலையில் பள்ளி விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு, ஓர் ஊர் ஆகியவற்றின் பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். 1855-ல் பிறந்த உ. வே. சாமிநாதையர் தம் ஊர்ப் பள்ளியில் பழகிய இந்த வழக்கத்தை ‘என் சரித்திர’த்தில் பதிவு செய்திருக்கிறார். இரவெல்லாம் மனத்தில் சுமந்த பெயர் எளிதில் மறக்காது. புதிய சொல்லைக் கேட்ட நாளிலும் மறுநாளும் திரும்பச் சொல்ல வைப்பது சொல் நிலைக்க உதவும் என்று இன்றைய கல்வியியலும் சொல்கிறது.

பள்ளிக்கு வெளியேயும் படிப்பு நடந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் கல்விக் கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக 1826-ல் குறித்தார். சென்னை நகரில் மட்டும் 26,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலேயே படிப்பதாகக் கணக்கு வந்தது. அவ்வளவு பெரிய எண்ணை மன்றோவே நம்பத் தயங்கினார். ஆனாலும் வீடு ஒரு கல்விக்கூடமாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

இந்தத் திண்ணை மணல் கடல் கடந்தும் போனது. 1789-ல் எழும்பூர் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் ஆசிரியர்கள் அந்த முறையை ஏற்க மறுத்ததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். 1797-ல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை வழியாக அது ‘மெட்ராஸ் முறை’ என்று பிரிட்டன் எங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளியின் பெயர் இன்றும் மெட்ராஸ் காலேஜ்.

அடுத்த மாற்றம் அச்சால் வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-ல் சென்னைக்கு வந்து சூடாமணி நிகண்டை உரையுடன் அச்சிட்டார். பின்னர் படிப்படியாகக் கடினமாகும் பாலபாடங்களை எழுதினார். சுவடியில் மனப்பாடத்துக்காக இருந்த சொல், இப்போது உரைநடை வாக்கியத்துக்குள் பொருளோடு வந்து சேர்ந்தது. அரசு மானியமும் பாடநூல்களும் பெருகப் பெருக, திண்ணைப் பள்ளிகள் மெல்ல மறைந்தன.

பெயர் முதலில், பொருள் பிறகு என்ற வரிசையையே புரட்டிப்போட்ட மாற்றம் அடையாற்றில் நிகழ்ந்தது. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அந்தச் சபைக்கு வந்தார். தென்னங்கீற்றுக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். இரண்டாம் உலகப் போர் காரணமாக அவர் இந்தியாவிலேயே தங்கினார். அவருடைய நூல்கள் சிலவற்றை ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ராவே வெளியிட்டது.

அவர் சொல் கற்பித்த விதத்தில் மூன்று படிகள் உண்டு. முதலில் ஆசிரியர் இரண்டு பொருள்களைக் குழந்தையின் கையில் கொடுத்து, “இது சொரசொரப்பு, இது வழவழப்பு” என்பார். அடுத்து, “சொரசொரப்பானதைக் கொடு” என்று கேட்பார். கடைசியாக ஒன்றைக் காட்டி, “இது எப்படி இருக்கிறது?” என்பார். குழந்தை தவறினால் திருத்தவோ கடிந்துகொள்ளவோ கூடாது; வேறொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். திண்ணையில் பெயர் முதலில் வந்து பொருளுக்காகக் காத்திருந்தது; இங்கே பொருள் கைக்கு வந்த பிறகுதான் பெயர் வந்தது. ஆனாலும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவி ஒலியைச் சொன்னபோது, மணலில் எழுதிய பழைய பழக்கத்துக்கு அது வெகு அருகில் வந்துவிட்டது.

கட்டணம் செலுத்தும் குடும்பங்களுக்கே பெரும்பாலும் கிடைத்த இந்த அணுகுமுறை எளிய வீட்டுப் பிள்ளைகளை எட்ட நெடுங்காலமானது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் அது தமிழகம் முழுவதும் விரிந்தது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, தாங்கள் எட்டிய படிக்குரிய அட்டையைத் தாங்களே எடுத்தார்கள். ட, ப, ம போன்ற எளிய வடிவ எழுத்துகள் முன்னே வந்ததால், ‘படம்’ என்ற முழுச் சொல்லை ஆரம்பத்திலேயே வாசிக்க முடிந்தது. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டு, கதை, விளையாட்டு வழியாக அந்தப் பணியைத் தொடர்ந்தது.

இந்த இரண்டு நூற்றாண்டுகளில் இரண்டு பயிற்சிகள் மாறி மாறி மேலோங்கின. திண்ணை நினைவையும் ஒலியையும் வளர்த்து, பொருளைப் பின்தள்ளியது. அடையாறு பொருளை முன்வைத்தது. ஆனால் கையில் எடுத்துக்காட்ட முடியாத சொற்களுக்குப் பாட்டும் கதையும் பேச்சும் வேண்டியிருந்தன. சிறு குழந்தைக்குச் சொல் தங்க இந்த இரண்டும் வேண்டும்: பொருளைத் தொட்டறியும் வாய்ப்பு, அந்தப் பெயரை அடுத்த நாளும் அக்கறையோடு கேட்டு வாங்கும் ஒரு பெரியவர்.