நாட்டாமை தீர்ப்பும் அக்காவின் பஸ்ஸும்

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தோம். டிவியில் ‘நாட்டாமை’. எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. கவுண்டமணி வாயைத் திறப்பதற்கு முன்பே நானும் அத்தானும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிளாஷ்பேக்கில் விஜயகுமார் தீர்ப்புச் சொல்லும் இடம் வந்தது. வழக்கம்போல எனக்குப் புல்லரித்தது.

அக்கா மகள் காலேஜ் இரண்டாம் வருஷம். செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “மாமா, அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?” என்றாள்.

“எந்தப் பொண்ணு?”

“கெடுத்தவனையே கட்டிக்கச் சொல்றாரே, அந்தப் பொண்ணு.”

பதில் சொல்ல முடியவில்லை. முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். செம்பு, சால்வை, வெற்றிலை எச்சில் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் ஞாபகத்தில் இல்லை.

தொண்ணூறுகளின் படங்களை இன்று பார்க்கிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை ‘கிரிஞ்ச்’. எங்கள் வயதுக்காரர்கள் உடனே சொல்லும் பதில், ‘அந்தக் காலம் அப்படி’. இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் நாங்கள் எதற்குக் கைதட்டினோம் என்பது புரியும்.

‘நாட்டாமை’ 1994 தீபாவளிக்கு வந்தது. கே.எஸ்.ரவிக்குமார் இயக்கம், சரத்குமாருக்கு இரட்டை வேடம். மறு வருஷமே தெலுங்கில் ‘பெத்தராயுடு’ ஆகி அங்கேயும் ஓடியது. ஒரு பெரிய குடும்பம், பரம்பரையாக வரும் ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்தவர் சொன்னதுதான் சட்டம். தன் சொந்தக்காரனே தப்பு செய்தாலும் அவர் விடமாட்டார். இந்த நேர்மைக்குத்தான் நாங்கள் விசிலடித்தோம்.

அதே 1994இல்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. நாற்காலி இனிமேல் பரம்பரையில் வராது, ஓட்டில் வரும். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தலித்துகளுக்கும் தலைவர் பதவிகளில் ஒதுக்கீடு. 1996இல் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது ஊரின் ஆதிக்க சாதியினர் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பை மீறித் தலைவரான முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று, வந்த பஸ்ஸை மறித்து, வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

படத்தால் கொலை நடந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் நாற்காலி கைமாறப்போகிறது என்று சட்டம் சொன்ன வருஷத்தில், பழைய நாற்காலி எவ்வளவு கம்பீரமானது என்று ஒரு படம் சொன்னது. அதை ஊரே கொண்டாடியது. ‘சின்ன கவுண்டர்’, ‘எஜமான்’ என்று அதற்கு முன்பே ஒரு வரிசை இருந்தது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு ஊராட்சி மன்றம் என்றால் பூட்டிக்கிடக்கும் ஒரு கட்டடம். நாட்டாமை என்றால் நீதி.

‘தேவர் மகன்’ இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல படம். 1992இல் வந்தது. கமல் எழுதி, பரதன் இயக்கியது. சிவாஜி சாகும் காட்சியை இப்போது பார்த்தாலும் தொண்டை அடைக்கும். அரிவாளைப் போட்டுவிட்டுப் படியுங்கள் என்றுதான் படம் முடிகிறது. ஆனால் படத்தின் முடிவை யாரும் ஊர்வலத்தில் எடுத்துப் போகவில்லை. பாட்டை எடுத்துப் போனார்கள். சாதிச் சங்க விழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அந்தப் பாட்டு பல வருஷம் ஒலித்தது. கேட்டவர்களில் சிலர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். சிலர் ஒதுங்கி நடந்தார்கள்.

அந்தப் படத்தில் இசக்கி என்று ஒரு பாத்திரம். வடிவேலு. சின்ன எஜமான் சொன்னார் என்று கோயில் பூட்டைத் திறந்துவிட்டு, அதற்காகக் கையை இழப்பவன். எனக்கு அவன் பரிதாபமான ஒரு துணைப் பாத்திரம், அவ்வளவுதான். மாரி செல்வராஜுக்கு அப்படி இல்லை. அந்த இசக்கி மாமன்னன் ஆனால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் 2023இல் வந்த ‘மாமன்னன்’ பிறந்தது என்று, கமல் உட்கார்ந்திருந்த மேடையிலேயே அவர் சொன்னார். அதே வடிவேலுதான் மாமன்னன். முப்பது வருஷம் கழித்து ஒரு படத்துக்கு இன்னொரு படம் பதில் சொன்னது. விமர்சனம் எழுதி இதைச் செய்திருக்க முடியாது.

அன்றைக்கு அக்கா மகள் விடவில்லை. “சரி, லவ் படம் எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?” என்றாள். அத்தான் ‘மன்னன்’ பற்றி ஆரம்பித்தார். 1992இல் வந்த ரஜினி படம். விஜயசாந்தி தொழிலதிபர், திமிர் பிடித்தவள் என்று காட்டப்படுகிறவர். கடைசியில் கம்பெனியைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுப் பொறுப்பை ஏற்கிறார். அதுதான் சுபம். அதைச் சொல்லும்போதே அத்தானின் குரல் இறங்கிவிட்டது.

காலேஜ் படங்கள் வேறு ரகம். ஹீரோவும் நண்பர்களும் ஒரு பெண்ணைச் சூழ்ந்துகொண்டு பாடுவார்கள். அவள் முறைப்பாள். இடைவேளைக்குள் காதலிப்பாள். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலில் விழுந்து அடிபட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் பாட்டுகள் மாறவில்லை. டீக்கடை வாசலில் அவற்றைப் பாடிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் வெளியே வந்தாள். “நான் ஏன் 8 மணி பஸ்ஸை விட்டுட்டு 7 மணி பஸ்ஸுக்குப் போனேன் தெரியுமாடா உனக்கு?” என்றாள். தெரியாது. படிப்பில் அக்கறை, சீக்கிரம் லைப்ரரிக்குப் போகிறாள் என்றுதான் வீட்டில் பெருமையாகச் சொல்வோம். 8 மணி பஸ்ஸில் இரண்டு பேர் தினமும் அவளைப் பார்த்துப் பாடிக்கொண்டு வந்தார்களாம். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. என்னிடமும் அதே கேசட்டுகள்தான் இருந்தன.

எல்லாமே இப்படிக் கெட்டுப்போகவில்லை. ‘காதல் கோட்டை’யை 1996இல் பார்த்தபோது அதன் புதுமையே பேச்சாக இருந்தது. பார்க்காமலே காதல். அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதே கிடைத்தது. இன்றைக்கு ஒரு போட்டோ அனுப்பினால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனாலும் அக்கா மகளுக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. அவள் சொன்ன காரணம்: “அதுல அவன் அவ பின்னாடி சுத்தலையே மாமா.” நியாயம்தான். தொலைந்த சர்டிபிகேட்டைக் கண்டெடுத்து அனுப்பி வைக்கிறான். அவள் நன்றி எழுதுகிறாள். பதில் எழுதுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு முறையும் அவள் முடிவு. எஸ்.டி.டி. பூத்துகள் போய்விட்டன. அந்த மரியாதை இன்னும் பழசாகவில்லை.

‘மகாநதி’யும் பழசாகவில்லை. 1994 பொங்கலுக்கு வந்த படம். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவன் சென்னைக்கு வந்து, சீட்டுக் கம்பெனி மோசடியில் மாட்டி, சிறைக்குப் போய், கடைசியில் தன் மகளைக் கல்கத்தாவின் சோனாகச்சியில் கண்டுபிடிக்கிறான். ‘அழுகாச்சிப் படம்’ என்று எங்கள் வீட்டில் பாதியில் எழுந்து வந்துவிட்டோம். அடுத்த சில வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடின. முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997இல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. அக்கா கல்யாணத்துக்கென்று அப்பா கட்டி வைத்திருந்த பணமும் அப்படி ஒரு கம்பெனியோடு போனது. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் அப்பா குடையோடு நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. அதன்பிறகு டிவியில் ‘மகாநதி’ வந்தால் யாராவது எழுந்து சேனலை மாற்றிவிடுவோம்.

நடக்கப்போவதைச் சொன்ன படத்திலிருந்து எழுந்து வந்தோம். முடிந்துபோக வேண்டியதைக் கொண்டாடிய படத்தை முப்பது தடவை பார்த்தோம். ஒரு படத்துக்கு வயதாகிவிட்டதா என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்கும் எனக்கு ஞாபகம் வருகிறது.

நாட்டாமையை வெறுத்துவிட்டேனா என்றால், இல்லை. கவுண்டமணிக்கு இப்போதும் சிரிக்கிறேன். அந்தத் தீர்ப்புக் காட்சியில் மட்டும் இப்போது விஜயகுமாரை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் அந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்று தேடுகிறேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா மகள் ‘மகாநதி’ எதில் இருக்கிறது என்று கேட்டாள். அந்த மகள் தூக்கத்தில் உளறும் காட்சியை நினைத்து, “அது வேண்டாம், கஷ்டமா இருக்கும்” என்றேன்.

“போடட்டும் விடு. நானும் இன்னும் முழுசாப் பாக்கல” என்றாள் அக்கா.